பன்னிரண்டு வலிக்கும் ஒரே கழுத்து

அன்பும் அடக்கமும் நிறைந்த அக்கா மகளுக்கு,

இந்த அச்சகத்தைத் தனியாளாகத் தாங்கி நிற்கும் உன் மாமா ஆசியுடன் எழுதிக்கொள்வது. நான் நலம், பிழை பார்க்கும் என் இரு கண்களும் நலம். உன் நலத்தை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எழுதவும்.

உன் உடற்பயிற்சிப் புத்தகம் இருநூறு பிரதியும் அட்டை போட்டுத் தயார். ஞாயிற்றுக்கிழமை தலைமை டாக்டர் கையால் வெளியீடு, அது நல்லபடியாக நடந்தால்தான் ஆஸ்பத்திரியில் உனக்குப் பிரிவுத் தலைவர் பதவி என்று அக்கா சொன்னாள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் நானே பார்த்தேன். பன்னிரண்டு பாடத்திலும் தனித்தனியாக ஒரு க்யூஆர் கோடு வைத்திருந்தாய் அல்லவா, போனைக் காட்டினால் அந்தந்தப் பயிற்சி வீடியோவில் ஓடும் என்று, அதில் பதினொன்று மை சிதறின மாதிரி கன்னாபின்னாவென்று இருந்தது, முதல் பாடமான கழுத்து வலியில் இருந்தது மட்டும் அத்தனை கச்சிதம். மந்திரியே என்னிடம் பிழை திருத்திக்கொண்டு போயிருக்கிறார், எனக்குத் தெரியாதா? அந்த நல்லதையே பன்னிரண்டு இடத்திலும் போடச் சொன்னேன். பக்கம் என்ன லட்சணமாக வந்தது தெரியுமா.

நேற்று முதலாளி மூட்டு வலி என்று எட்டாம் பாடத்தை ஸ்கேன் செய்தார். போனில் நீ வந்து, கழுத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பச் சொன்னாய். பாவம், திருப்பினார். இடுப்புப் பாடத்திலும் கழுத்து, கணுக்காலிலும் கழுத்து.

“என்னய்யா இது, உடம்பு பூரா கழுத்தா இருக்கு?”

“கழுத்து சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா சரியாயிடும் முதலாளி. வைத்தியத்துல இருக்கு.”

“அப்ப உன் கழுத்த இங்க கொண்டா.”

நான் அசரவில்லை. நீ வைத்திருந்த மீதிப் பதினொன்றையும் ஸ்டிக்கராக அடித்து, பைண்டிங் செய்கிற அம்மாவிடம் கொடுத்து, அத்தனை பிரதியிலும் ஒட்ட வைத்துவிட்டேன். இனி உன் புத்தகத்தில் தூசி அளவு குறை கிடையாது. மேடையில் எனக்கொரு நாற்காலி போடச் சொல். பேசக் கூப்பிட்டால் மறுப்பேன், நீ விடாதே.

பதவி உன் வாசலில் வந்து காத்து நிற்க வாழ்த்தும்,
மாமா

பி.கு.: பைண்டிங் அம்மா இப்போதுதான் வந்து, “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, கைக்கு வந்தத ஒட்டிட்டேன்” என்கிறார். நாலெழுத்துப் படித்தவர் இப்படிச் செய்வாரா? எட்டாம் பாடத்தில் ஒரு பிரதியில் தோள் வருகிறது, இன்னொன்றில் கட்டைவிரல். தலைமை டாக்டருக்கு எங்கே வலி என்று நைசாக விசாரித்து உடனே எழுது. அது மட்டும் சரியாக வருகிற ஒரு பிரதியை நானே தேடி எடுத்து வைக்கிறேன்.