இத்தாலியாரின் தனி வழிகள்

மட்டக்களப்பில் கட்டடக்கலை முழுதும் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். அவர் அதைப் படித்ததில்லை, துடைத்திருக்கிறார்.

இத்தாலியில் ஒரு பழைய நகரம். அதன் ஓரத்தில் புதிதாக எழுப்பிய நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருடம் தரை துடைத்துவிட்டு ஊர் திரும்பியவரை எல்லோரும் இத்தாலியார் என்றார்கள். புளியந்தீவில் நான் வீட்டுப் படம் வரையும் அலுவலகத்துக்கு வந்து, போனில் அந்தக் கட்டடத்தைக் காட்டுவார். கண்ணாடியும் கூரான கூரையுமாக நிற்கும். பழைய கோபுரங்களுக்கு நடுவே இது என்ன கோலம் என்று அந்த ஊர்ச் சனம் ஏசியதாம். ஏசியவர்கள் மேல் இவருக்கு இன்னும் கோபம்.

அவரைக் கவர்ந்தது கண்ணாடி அல்ல, வழிகள். நீதவானுக்கு ஒரு வழி, கைதிக்கு ஒன்று, சனத்துக்கு ஒன்று. யாரும் யார் முகத்திலும் விழிக்கத் தேவையில்லை. இந்த ஞானத்தோடு ஊரைத் திருத்தப் புறப்பட்டார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனிப் படி கேட்டுத் திட்டு வாங்கினார். கரடியனாற்றில் மாட்டுப்பட்டிக்காரர் மட்டும் ஒப்புக்கொண்டார். பால் கறக்கும்போது கன்றைத் தாயிடம் விடக்கூடாதல்லவா.

வினை அவர் வீட்டிலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வளவு சீதனமாகப் பெண்ணுக்குத்தான். அவர் மனைவிக்கும் மனைவியின் தங்கைக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு. தங்கையின் கணவர், மேசன் வேலை செய்பவர், வேலியைத் தள்ளிப் போட்டார் என்று இத்தாலியார் வழக்கு வைத்தார். சகலன்மார் நாலு வருடமாகப் பேசவில்லை. நடுவில் மதில், ஆளுக்கொரு வாசல் என்று என்னிடம் படம் கீறச் சொன்னார். மதில் எழும்பினால் தங்கச்சியின் முகத்தையும் பார்க்க முடியாது என்று மனைவி என்னிடம் வந்து அழுதார். எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனாலும் கீறினேன்.

வழக்கு நாளன்று படத்தோடு என்னையும் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார். சரியான மாரி மழை. விறாந்தை முழுக்க ஒழுகியது. ஒழுகாத மூலையில் ஒரு நீள மர வாங்கு, அதில் சகலன் உட்கார்ந்திருந்தார். இத்தாலியார் அரை மணித்தியாலம் நனைந்துகொண்டே நின்றார். சகலன் மெல்ல நகர்ந்து இடம் விட்டார்.

"இரிங்க அண்ணன். காச்சல் வந்தா அக்கா என்னத்தான் ஏசுவா."

இருந்தார். எங்கே போனாலும் குறை தேடும் வழக்கப்படி தரையைப் பார்த்தார். குனிந்து விரலால் தடவியும் பார்த்தார்.

"இந்தச் சீமெந்து ஆர் போட்ட?"

"நான்தான்."

"இவ்வளவு மழைக்கும் தண்ணி தேங்கல்ல," என்றார் இத்தாலியார். அவர் வாயிலிருந்து ஒரு தரைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பெயர் கூப்பிட்டபோது சமாதானமாகப் போகிறோம் என்றார்கள். சட்டத்தரணிகள் இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவர் படத்தில் இருந்த மதிலை அழிக்கச் சொன்னார். தோற்றதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. போனை நீட்டி, இத்தாலி நீதிமன்றத்தைக் கீறி முன்னால் ஒரு விறாந்தை வைக்கச் சொன்னார்.

"ஒரு வாங்கு மட்டும் காணும் புள்ள. கூரை கொஞ்சம் ஒழுகோணும். அங்க அது ஒண்டுதான் குறை."

இப்போது மகனோடு இருக்க மறுபடி இத்தாலி போய்விட்டார். அந்தப் படம் என் மேசைக்கு மேலே தொங்குகிறது. மழை பிடித்தால் அவர் வருவாரோ என்று என்னையறியாமல் வாசலைப் பார்க்கிறேன். எங்கள் அலுவலகமும் ஒழுகும். ஒழுகாத பக்கத்துக் கதிரையில் நான் யாரையும் இருத்துவதில்லை.