பதினாறு இட்லி

ஒரத்தநாடு, தை மாதம்

திருவாரூர் மச்சான் அமிர்தலிங்கம் அவர்களுக்குத் துரைக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்கள் எல்லோருடைய இடுப்பும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

மலர்கொடியைக் கணக்குப் படிக்க விடுங்கள் என்றீர்களே, அதனால் வந்த வினையைக் கேளுங்கள். "எக்ஸ், ஒய் ரெண்டும் யாருன்னே தெரியலப்பா" என்று பிள்ளை அழுதாள். "நம்ம வீட்டு ஆளுங்கள வச்சுப் போட்டுப் பாரும்மா" என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூலித் தகராறு தீர்ந்து சங்கத்துக்காரர்கள் இப்போதுதான் ஆட்களை அறுப்புக்கு விட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தோஷத்தில் காலையில் எல்லோருக்கும் நம் வீட்டு இட்லி. மூன்றாம் நாள் இவள் வரப்பில் நின்று உரக்கச் சொல்கிறாள்: "மொத நாள் மூணு ஆம்பளை, ரெண்டு பொம்பளை, முப்பத்தாறு இட்லி. மறுநாள் அதே மூணு ஆம்பளை, அஞ்சு பொம்பளை, அம்பத்துநாலு. இதுலேருந்து அதைக் கழிச்சா ஆம்பளைங்க நீங்கிடுவாங்கப்பா! மூணு பொம்பளைக்குப் பதினெட்டு, ஆளுக்கு ஆறு. அப்ப ஆம்பளைக்கு எட்டு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கதிர் அறுத்துக்கொண்டிருந்த தையல்நாயகி அரிவாளைக் கீழே போட்டாள். "திங்கிறத எண்ணுற வீட்டுல கதிர் அறுக்க மாட்டோம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு கரையேறிவிட்டாள். தப்பு நம்முடையதுதானே, பெற்ற தாய்கூட எண்ண மாட்டாளே, கண் பட்டுவிடும் என்று! வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது, ஒரு மழை விழுந்தால் முற்றின கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துப்போகும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மலர்கொடி அசையவில்லை மச்சான். "இன்னைக்குக் கணக்கையும் கேட்டுட்டுப் போங்கக்கா. ரெண்டு ஆம்பளை, மூணு பொம்பளை, அப்புறம் எங்கப்பா. அவிச்சது அம்பது. உங்களுக்கு முப்பத்துநாலு போனா மிச்சம் பதினாறும் எங்கப்பா!"

அறுப்பு ஆட்களில் முதலில் மாரியப்பன் சிரித்தான், பிறகு அத்தனை பேரும். "ஆறு திங்கிற நான் அறுக்குறேன், பதினாறு தின்ன ஐயா வரப்புல நிக்கிறாரு! இறங்குங்கய்யா" என்று தையல்நாயகி அரிவாளை என் கையில் கொடுத்தாள். நான் இறங்கினேன், அவர்களும் இறங்கினார்கள். மழைக்கு முன்னால் கட்டெல்லாம் களத்துக்கு வந்துவிட்டது. நான்தான் இன்னும் நிமிரவில்லை.

ஆகவே, கணக்கை விட்டுவிட்டுச் சரித்திரம் படிக்கச் சொல்லி அவளுக்கு ஒரு கடுதாசி போடுங்கள். செத்துப்போன ராஜாக்கள் இட்லி தின்ன மாட்டார்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
குனிந்தபடி,
துரைக்கண்ணு

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கை ஆனந்தவல்லி வந்து, அன்றைக்கு அடுப்படியிலேயே தான் ஆறு இட்லி சாப்பிட்டதாகச் சொல்கிறாள். அப்படியானால் நான் தின்றது பத்துதான்! ஆனால் ஊருக்கு முன்னால் என் பிள்ளை போட்ட முதல் கணக்கு மச்சான், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரித்திரமெல்லாம் வேண்டாம், காலேஜில் கணக்குக்கு இடம் விசாரியுங்கள். யார் கேட்டாலும் பதினாறும் நான்தான் தின்றேன்.