அம்மாவுக்குத் தெரியாத நம்பர்

சுன்சோன் நகரிலிருந்து

உல்சானில் இருக்கும் மகள் யுன்-சில்லுக்கு அப்பா எழுதுவது. இங்கே நலம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய குமிழ் பிளாஸ்டிக் தாளும் ஸ்பாஞ்சுப் பட்டையும் வந்து சேர்ந்தன. "சூடெல்லாம் சன்னல் வழியாத்தான் போகுதுப்பா, இதை ஒட்டிட்டு கதகதன்னு இருங்க, அம்மா நினைவுநாளுக்கு எனக்கு லீவு கிடைக்கல" என்று போனில் சொன்னாயே, அதன்படியே எல்லாம் செய்தேன். தாள் ஒட்டிக்கொள்ளக் கண்ணாடியில் தெளித்த தண்ணீரில் நானே வழுக்கி விழுந்தேன், அடியில்லை. பால்கனிக் கதவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி முடித்த பிறகுதான் கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டி பால்கனியில் இருப்பது உறைத்தது, பிய்க்க மனமில்லாமல் வெறும் சோறு தின்றேன், வாசல் கதவுக்குப் பட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டியதில் அது மூடவே மாட்டேன் என்று அடம்பிடிக்க, நம்பர் பூட்டு கீ கீயென்று கத்தி, கீழ்வீட்டு குவாக் அம்மாள் ஏறி வந்து திட்டி, கடைசியில் பூட்டே செத்துப்போய், பூட்டுக்காரன் வந்து புதுப் பூட்டு மாட்டி, புது நம்பர் போட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் குவாக் அம்மாள் கேட்டாள். "ஏங்க, எறும்பு நுழையக்கூட வழியில்லாம அடைச்சு வச்சிருக்கீங்களே, படையலன்னிக்கு உங்க வீட்டம்மா எது வழியா வருவாங்க? கதவைத் திறந்து வைக்க வேணாமா?"

"அவளுக்குக் கதவு நம்பர் தெரியும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். எனக்குத்தான் திக்கென்றது. உன் அம்மாவுக்குத் தெரிந்தது பழைய நம்பர்தானே! உன் பிறந்தநாளை நம்பராகப் போட்டவளே அவள்தான். வாசலில் நின்று அதையே மறுபடி மறுபடி அழுத்துவாள், தப்பு பூட்டு மேலதான்னு சாதிப்பாள், ஐயோ, இந்தக் குளிர்ல நிப்பாளேம்மா.

போகட்டும், சமாளித்துக்கொள்வேன். பனி கொட்டுகிறது, நீ அலையாதே. வீடு அடுப்பு மாதிரி சூடாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அடியில் சூடேற்றும் தரையும் எந்நாளும் சூடாகவே இருக்கட்டும்.

அப்பா

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. பட்டை, தாள், டேப் எல்லாவற்றையும் இப்போதுதான் பிய்த்துப் போட்டேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. படையலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, மூடுங்க என்று குவாக் அம்மாள் கத்துகிறாள். இருந்தால் என்ன? உன் அம்மா எங்கே கிளம்பினாலும் முன்கூட்டியே போய் நிற்கிறவள். வீடு வெடவெடக்கிறது. எனக்குத் தனியா படைக்கத் தெரியாது. லீவு கிடைக்காட்டியும் வந்துடும்மா.