சேக்காட்டு வானத்துக்கு ஒரு நாள் விடுமுறை

உலகத்தின் மற்ற ஊர்களிலெல்லாம் மனிதன் வானத்துக்குக் கட்டுப்பட்டவன். வானம் மனிதனுக்குக் கட்டுப்பட்டு நடந்த பெருமை ஆவடியை அடுத்த சேக்காட்டுக்கு மட்டுமே உரியது. ஊர்ப் பாசத்தில் அளக்கும் கதை அல்ல இது. நான்கு சர்வதேச ஆய்விதழ்களில் அச்சேறிய ‘விஞ்ஞான உண்மை’.

தரைக்கு நூறு மைலுக்கு மேலே, வெயில் பட்டு மின்னேற்றம் கொண்டு மிதக்கும் காற்றுக்கு அயனி மண்டலம் என்று பெயர். மத்தியானம் ஏறும், ராத்திரி இறங்கும், ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருக்காது. வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை இந்த மண்டலத்தைக் கடக்கும்போது கொஞ்சம் தாமதப்படுகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் மண்டலத்தின் படம் வரையலாம். தாமதத்தை அளக்கும் கருவியை வைக்க அரசு அலுவலகத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? 1993-ல் சேக்காட்டில் ‘தென்மண்டல மேல்வளி ஆய்வு நிலையம்’ அப்படித்தான் உதயமாயிற்று.

அது ஒரு கூட்டு ஆராய்ச்சி. ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து பேராசிரியர் வெஸ்ட்லிங் கருவியை அனுப்பினார். நாம் மொட்டைமாடியைக் கொடுத்தோம். பேராசிரியருக்கும் நம் இயக்குநர் டாக்டர் கங்காதரனுக்கும் புகழில் சரிபாதி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மிச்சமிருந்த வேலையைத் தங்கவேல் பார்த்துக்கொண்டான்.

தங்கவேல் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். நிலையம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கங்காதரனின் பெரியப்பாவுடைய வயல். அதில் நாற்று நட்டவள் தங்கவேலின் அம்மா குப்பம்மா. இப்படி இரண்டு குடும்பத்துக்கும் அந்த மண்ணோடு உள்ள உறவை மதித்து, ஒருவரை இயக்குநராகவும் மற்றவனைத் தினக்கூலியாகவும் எடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து வயது நிறைந்துவிட்டால் ஆகாது என்பதையும் சொல்லியிருந்தார்கள்.

கருவி கால் மணிக்கு ஒரு எண்ணைக் கம்ப்யூட்டரில் தானே பதிந்துவிடும். அதை அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைப்பது நிர்வாகம் தெரியாதவர்களின் குழந்தைத்தனம். கம்ப்யூட்டரில் இருப்பதற்குக் கையெழுத்து ஏது, முத்திரை ஏது? ஆகவே தங்கவேல் தினமும் காலையில் தொண்ணூற்றாறு எண்களையும் பதிவேட்டில் கையால் எழுதுவான். கங்காதரன் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தான எண்களைத் தங்கவேல் மறுபடி கம்ப்யூட்டரில் தட்டி, ஃப்ளாப்பியில் ஏற்றி, பதிவேட்டின் ஜெராக்ஸோடு மாதம் ஒரு முறை பதிவுத் தபாலில் அனுப்புவான். அங்கே அதைத்தான் ‘நேரடித் தரவு’ என்றார்கள்.

முதல் வருஷம் ஆயுத பூஜை வந்தது. நிலையத்தின் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அன்று ஆறு மணிக்குக் கருவியை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாடியில் இருந்த ஆண்டெனாவுக்கு ஒரு முழம் கதம்பம் சாத்தி, பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை போட்ட ஆயுதத்தை விஜயதசமி விடியும்வரை தொடக் கூடாது. கருவியும் தொடப்படாமல் சுண்டல் வாசனையில் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தது.

விஜயதசமியன்று பதிவேட்டில் தொண்ணூற்றாறு கட்டம் காலி.

“காலிக் கட்டமா?” என்று கண்காணிப்பாளர் வனஜா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஆடிட்ல யாரு பதில் சொல்றது?”

“பூஜைன்னு எய்திர்லாமா மேடம்?” என்றான் தங்கவேல்.

“அது மதச்சார்பற்ற பதிவேடு தங்கவேல்.”

விவகாரம் இயக்குநரிடம் போனது. கங்காதரன் ஜன்னல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். நீண்ட ஆய்வுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது.

“முந்தாநாள் இருந்த வானம்தானே நேத்தும் இருந்திருக்கும்? முந்தாநாள் எண்ணையே போட்டுடு.”

தங்கவேல் போட்டான். அடுத்த வருஷமும் போட்டான். அதற்கடுத்த வருஷம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மூன்று வருஷத் தரவைக் கூர்ந்து பார்த்த பேராசிரியர் வெஸ்ட்லிங் ஒரு நாள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாராம். வருஷத்தில் ஒரு நாள் சேக்காட்டு வானம் அசையாமல் நிற்கிறது! முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே, கடைசிப் புள்ளிவரை. ஒரு வருஷம் அக்டோபர் கடைசியில், ஒரு வருஷம் தொடக்கத்தில் என்று தேதி மட்டும் மாறுகிறது. பஞ்சாங்கம் என்ற கருவி அவர் ஊரில் இல்லாததால் ஆறு மாதம் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்: அது எப்போதும் இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி வரும் வளர்பிறையின் ஒன்பதாம் நாள். சந்திரனின் ஈர்ப்பு அயனி மண்டலத்தை உறையவைக்கிறது! இந்த அதிசயத்துக்கு ‘வெஸ்ட்லிங்–கங்காதரன் நிலைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். நிலையத்தின் வாசலில் கங்காதரனுக்கு ஒரு டிஜிட்டல் கடிகாரமும் பொன்னாடையும் கொடுத்தார்கள்.

பொன்னாடை ஆரவாரம் அடங்கிய பிறகு தங்கவேல் அவர் அறைக்குள் போனான்.

“சார், அது வானம் இல்ல சார். நான்தான் சார்.”

“எது நீ?”

“அந்த நிலைப்பு.”

கங்காதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தங்கவேல், விஞ்ஞானத்துல தனி மனுஷன் பேரை நுழைக்கக் கூடாது. அது ஆணவம்.”

“இல்ல சார், ஆயுத பூசைக்கு மெசினை நிறுத்திக்கினு…”

“உனக்கு எத்தனை வயசாகுது?”

“வர்ற டிசம்பர்ல முப்பத்தஞ்சு சார்.”

“உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் வனஜா மேடம் மேஜை மேலதான் இருக்கு. அக்டோபர் நல்லபடியா முடியட்டும்.”

அந்த அக்டோபர், அதாவது 1997 அக்டோபர், நல்லபடியாக முடிவதில் ஒரு சிக்கல் இருந்தது. அதிசயத்தைக் கண்ணால் காணப் பேராசிரியரே வருவதாக ஃபேக்ஸ் வந்திருந்தது. கருவி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வானம் உறைவதை நேரில் பார்ப்பாராம். திருப்தியானால் இரண்டாம் கட்டத் திட்டம். அதில் நிலையத்துக்குப் புதுக் கட்டடம். கங்காதரனுக்குத் தலைமை இயக்குநர் பதவி.

மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் போண்டா நன்றாக இருந்தது.

“பூஜையன்னிக்கு மெஷினை ஓட்டினா தெய்வக் குத்தம் சார்” என்றார் வனஜா. “முன்னாடி நான் இருந்த ஆபீஸ்ல ஜெராக்ஸை ஓட்டினாங்க. ஜனவரிக்குள்ள ரோலர் போச்சு.”

ஓட்டினாலும் ஆபத்து, ஓட்டாவிட்டாலும் ஆபத்து. கடைசியில் கங்காதரன் வழி கண்டார். கருவிதான் ஆயுதம், கம்ப்யூட்டர் திரை ஆயுதமல்ல என்று தீர்மானம் எழுதப்பட்டது. கருவி மரபுப்படி ஓய்வெடுக்கும். திரையில் மட்டும் முந்தின நாள் ஃபைல் கால் மணிக்கு ஒரு புள்ளியாக ஓடும். ஓட்டவேண்டியவன் தங்கவேல்.

அன்று வீட்டுக்கு வந்த தங்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மனைவி சொர்ணம் கேட்டாள்.

“இத்தினி வருசமா எய்துன. இன்னும் ஒரு நாளு செஞ்சா கை தேஞ்சா பூடும்?”

“எய்துறது வேற சொர்ணம். எங்கியோ கீற ஆளுக்கு எய்தி அனுப்புறது வேற, எதுர்ல குந்த வெச்சு ஏமாத்துறது வேற.”

“அவுரு இன்னா உன் மாமனா மச்சானா? வேலை பர்மெண்ட் ஆவட்டும். அப்பால நாயம் பேசு.”

சொர்ணம் சொன்னதில் தப்பில்லை. தினக்கூலிக்காரன் வீட்டு அரிசிப் பானைக்கு நியாயம் வேகாது. தங்கவேல் ஒப்புக்கொண்டான்.

ஆயுத பூஜை வந்தது. பேராசிரியர் வெஸ்ட்லிங்கும் வந்தார். மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். கருவிக்கும் அவருக்கும் ஒரே அளவு சந்தனம். பூசணிக்காய் உடைந்ததும் கைதட்டினார். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தின நாள் கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாக இன்றைய கோடு ஏறுவதைப் பார்த்து, நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றினார். பதினொரு மணிக்குக் கங்காதரனும் மற்றவர்களும் சுண்டலுக்காகக் கீழே இறங்கினார்கள். அறையில் தங்கவேலும் அவரும் மட்டும்.

வெஸ்ட்லிங் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். பதிவேட்டின் பக்கம். ஏழு என்ற எண்ணைத் தொட்டு, தங்கவேலைத் தொட்டு, “நீயா?” என்பதுபோல் பார்த்தார். தங்கவேல் தலையாட்டினான்.

அவர் மெதுவாக, சின்னச் சின்ன இங்கிலீஷில் பேசினார். உன் ஏழு கொஞ்சம் கூன் போடும். நாலு வருஷமாக உன் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறேன். உன்னை நம்பித்தான் என் வேலையெல்லாம்.

நாலரை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் தங்கவேலை நம்புவதாக யாரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் கடல் தாண்டி வந்து சொன்னதும் அவன் தாளில் கூன் போட்டிருந்த ஏழுகளைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. ஃபைலும் டிசம்பரும் சொர்ணமும் ஒரு நிமிஷம் மறந்துபோயின.

“சார்… டுடே பூஜா. மெஷின் ரெஸ்ட். எவ்ரி இயர் ரெஸ்ட். யெஸ்டர்டே நம்பர், டுடே ஐ ரைட். ஸ்கை நோ ஸ்டாப் சார். ஐ ஸ்டாப்.”

வெஸ்ட்லிங்குக்குப் புரியவில்லை. புரியவைக்கத் தங்கவேலுக்கு ஒரு வழிதான் தெரிந்திருந்தது. கருவியைக் கும்பிட்டு, அதன் மேல் வைத்திருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டான். செயற்கைக்கோள்களைக் கருவி தேடிப் பிடிக்கச் சில நிமிஷம் ஆயிற்று. பிறகு திரையில் நிஜமான கோடு எழுந்தது. அது நேற்றைய கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்குள் இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி.

கங்காதரன் கையில் தொன்னையோடு மேலே வந்தவர் வாசலிலேயே நின்றார். சுண்டல் சிந்தியது.

வெஸ்ட்லிங் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெய்யான விஞ்ஞானி கண்ணால் கண்டதை அவசரப்பட்டு நம்பிவிட மாட்டான். அவருக்கு யோசிக்க நிறைய இருந்தது: நான்கு கட்டுரைகள், அவற்றால் கிடைத்த தலைமைப் பேராசிரியர் பதவி, நிலைப்பை நம்பி டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் ஆறு மாணவர்கள். யோசித்து முடித்துக் கங்காதரன் பக்கம் திரும்பினார்.

“ஆண்டெனாவின் மேல் ஏதாவது இருக்கிறதா?”

“சந்தனம், குங்குமம்” என்றார் கங்காதரன். சட்டென்று முகத்தில் வெளிச்சம் வந்தது. “ஒரு முழம் கதம்பம். ஈரமான கதம்பம்!”

“அதுதான்” என்றார் வெஸ்ட்லிங்.

இரண்டு நாடுகளின் விஞ்ஞானமும் கைகுலுக்கிக்கொண்டது. தங்கவேலை மட்டும் வெஸ்ட்லிங் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஜெராக்ஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விசாரணைக் குழு ஒரே வாரத்தில் அறிக்கை கொடுத்தது. அன்று பதிவான எண்கள் பூவின் ஈரத்தால் கெட்டவை, அவை ரத்து. நாலு வருஷமும் அதே பூ இருந்ததே என்று குழு கேட்கவில்லை. கேட்பது குழுவின் வரம்புக்குள் இல்லை. ரத்தானதால் தொண்ணூற்றாறு கட்டம் மறுபடி காலி. ஆடிட் நெருங்கியதால் வனஜாவே தன் முத்துமுத்தான கையெழுத்தில் பூஜைக்கு முந்தின நாள் எண்களை நிரப்பினார். ஐந்தாம் வருஷமும் சேக்காட்டு வானம் அசையவில்லை என்று, அதுவும் பேராசிரியரின் நேரடிப் பார்வையில் அசையவில்லை என்று, உலகம் அறிந்தது.

தங்கவேலுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. டிசம்பருக்கு இன்னும் பல நாள் இருந்தது. கங்காதரன் இளகிய மனசுக்காரர்; சோற்றில் மண் போடுகிறவர் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்திருந்தார்.

சொர்ணம் எட்டாவது வரை படித்தவள். வாசல் வெளிச்சத்தில் நின்று முதல் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அரசு விடுமுறை நாளில், மேலதிகாரியின் அனுமதியின்றி, ஆய்வுக் கருவியைப் பயன்படுத்தி ஆய்வு செய்த குற்றத்துக்காகத் தங்கவேல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். இரண்டாவது தாள் நன்னடத்தைச் சான்றிதழ். 1993 முதல் 1996 வரை இவர் பதிந்த அளவுகள் ஒவ்வொன்றும் துல்லியமானவை, நம்பத் தகுந்தவை, சர்வதேசப் பாராட்டுப் பெற்றவை.

சொர்ணம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“இன்னாய்யா இது? ஒண்ணுல குத்தவாளின்றான், ஒண்ணுல நம்பிக்கையான ஆளுன்றான்?”

“நம்பிக்கைன்னு போட்டுக்கிறது, நான் பொய் எய்துன வருசத்துக்கு.”

“அப்போ இந்த வருசம் இன்னா பண்ண?”

தங்கவேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“மெய்யாலுமே அளந்துட்டேன்.”