இரண்டு நாள் மூத்தவர்

பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களில் பல ரகம் உண்டு. வீட்டுக்கு மணிக்கொரு தரம் போன் போடுகிறவர், போட்டுவிட்டுப் பேசாமல் மூக்கை மட்டும் உறிஞ்சுகிறவர், யாரோடும் சேராமல் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்கிறவர் என்று இவர்களையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் காட்ட விரும்புவது வேறொருவரை. இவர் இரண்டு நாள் மூத்தவர். மற்றவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் விடுதிக்கு வந்து சேர்ந்தவர். அவ்வளவுதான் இவருடைய தகுதி. போதாதா?

நான் அறிந்த மூத்தவர் முந்திக்கொண்டு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. லாரி ஓட்டும் அவருடைய அப்பாவுக்கு அந்தப் பக்கம் சரக்கு கிடைத்தது. சரக்கோடு மகனையும் பெட்டியையும் சுருட்டிய மெத்தையையும் ஏற்றி வந்து, விடுதி வாசலில் இறக்கிவிட்டு, "பாத்து இருந்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ஜினைக்கூட அணைக்கவில்லை.

மூன்றாம் நாள் மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியபோது, மூத்தவர் மாடிப்படியில் நின்றார். தோளில் துண்டு, கையில் பல் தேய்க்கும் பிரஷ், முகத்தில் அங்கேயே பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவரின் சலிப்பு. அவருடைய அறைக்கு வாய்த்த பையன் தடித்த கண்ணாடி போட்டிருந்தான். அன்றே அவனுக்குக் கண்ணாடி என்று பெயர் விழுந்தது.

"கட்டிலை ஜன்னல் பக்கம் போடாத. மழை வந்தா நனையும்."

"மழை பெஞ்சுதா?" என்றான் கண்ணாடி.

"இன்னும் இல்ல. பெய்யும். இங்க அப்படித்தான்."

கண்ணாடியின் அம்மாவுக்கு அந்த நிதானம் பிடித்துப்போயிற்று. "தம்பி எந்த வருஷம் படிக்கிறீங்க?"

"முதல் வருஷம்தாம்மா. ஆனா முன்னாடியே வந்துட்டேன்."

"அப்ப இவனைக் கொஞ்சம் பாத்துக்கப்பா."

இந்த ஒரு வார்த்தை போதாதா? அன்று முதல் கண்ணாடி எதைச் சாப்பிடலாம், எந்தக் குழாயில் குளிக்கலாம், எந்தப் பேராசிரியர் கோபக்காரர் என்பதெல்லாம் மூத்தவரின் பொறுப்பாயிற்று. எந்தப் பேராசிரியரையும் அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, கண்டவர்களைவிடத் தெளிவாகச் சொன்னார்.

முதல் வகுப்பு வேதியியல். நாலைந்து பேரைப் பின்னால் சேர்த்துக்கொண்டு, இரண்டு மாடி ஏறி, ஒரு மாடி இறங்கி, "இது குறுக்கு வழி" என்று வேறு சொல்லி, ஒரு பெரிய கூடத்துக்குள் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். ஓர் அம்மையார் வந்தார். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு எப்போது உரிமை உண்டு என்று பேச ஆரம்பித்தார். எல்லாரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

"இதுல அமிலம் எப்ப வரும்?" என்று கண்ணாடி கிசுகிசுத்தான்.

"முதல்ல அடிப்படை போடுவாங்க. அப்புறம்தான் வரும்."

வரவில்லை. "சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்" என்று அம்மையார் முடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே வந்ததும் எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். ஒரு விநாடிகூடத் தடுமாறாமல் சொன்னார்: "வேணும்னேதான் கூட்டிட்டு வந்தேன். நாளைக்கு வீடு வாடகைக்கு எடுத்தா உதவும்ல."

சில வாரம் கழித்துக் கண்ணாடிக்குக் காய்ச்சல் வந்தது. "புதுத் தண்ணி, ஒத்துக்கல. தானா போயிடும்" என்றார் மூத்தவர். காய்ச்சல் போகவில்லை, ஏறியது. மறுநாள் மத்தியானம் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குக் கிளம்பினார். அது நூலகத்துக்குப் பின்னால் இருப்பதாக வகுப்புக்கே சொல்லி வைத்திருந்தவர் அவர்தான்.

நூலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றில் கண்ணாடி உட்கார்ந்தான். "நீ இங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கியா?" என்று கேட்டான். மூத்தவர் நாற்காலிக் குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வியர்த்தது. உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

அவர்கள் வகுப்பில் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்த பெண் அந்த வழியாக வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கும் தெரியாது. வாங்க, கேப்போம்" என்றாள்.

கேட்பதா? மூத்தவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே அதுவரை தோன்றியதில்லை. அவள் எதிரே வந்தவரைத் தயங்காமல் நிறுத்தினாள். எதிரே வந்தவர் அந்தச் சட்ட அம்மையார். மூத்தவரை உற்றுப் பார்த்தார்.

"அன்னைக்கு முன்வரிசையில அவ்வளவு அக்கறையா எழுதினீங்களே, அப்புறம் ஆளையே காணோம்?" என்றவர், நோயாளியைப் பார்த்ததும் வேகமாக வழி சொன்னார். நிலையம் விடுதி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. மூத்தவர் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நேத்தே ஏன் வரல?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் படுக்க வைத்தார். மூத்தவர் கட்டில் பக்கத்து முக்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க அம்மாகிட்ட நான் என்னடா சொல்லியிருப்பேன்?"

"இங்க அப்படித்தான்னு சொல்லியிருப்ப."

மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ரெண்டு நாளும் ஹாஸ்டல்ல நான் மட்டும்தான்டா. பேச ஆளில்ல. ஒவ்வொரு கதவுலயும் எழுதியிருந்ததைப் படிச்சிட்டே நடந்தேன். நீங்கள்லாம் வந்ததும், ஏதாவது சொல்லிட்டே இருந்தாத்தான் கூட நிப்பீங்கன்னு தோணிச்சு."

"சொல்லாட்டியும் நின்னிருப்போம். மாடி ஏறி இறங்குறதாவது மிச்சமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு மூத்தவர் 'தெரியாது' என்று சொல்லப் பழகினார். ஆரம்பத்தில் அது இருமலாகத்தான் வெளிவந்தது. வருஷக் கடைசிக்குள் வார்த்தையாகவே வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் எழுந்து நின்று சந்தேகம் கேட்டார். அதே சந்தேகம் பாதி வகுப்புக்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி இன்றைக்கும் அவருடைய அறைத் தோழன்தான்.

சரி, படித்துச் சிரித்தீர்கள். படிப்பெல்லாம் முடித்து எத்தனையோ காலம் ஆயிற்று, நமக்கென்ன என்றுதானே நினைக்கிறீர்கள்? புது அலுவலகத்தில் சேர்ந்த மறுவாரமே அடுத்து வந்தவருக்கு மேலாளரின் குணத்தை விளக்கியது யார்? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவரிடம் அவருடைய நோயைப் பற்றி அரை மணி நேரம் பேசியது யார்? போகட்டும். கடைசியாக ஒருவர் உங்களிடம் வழி கேட்டாரே, அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரா?