பதினோராவது சாமான்

மேசைமேல் பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தன.

மடிப்பு மறுபடி எண்ணினார். கத்தரி, ஊசி, கொக்கி, மரக்கட்டை, ரப்பர் வளைய டப்பா... எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் பத்துதான். காணாமல் போனது எது என்று அப்போதுதான் புரிந்தது. சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லி மனைவி எழுதிக் கொடுத்த கடிதம்.

அந்தப் பாராசூட் பள்ளியில் அவருக்கு மடிப்பு என்றுதான் பெயர். பதினாறு வருஷமாகப் பாராசூட்டை மடித்துப் பையில் அடைக்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ஒவ்வொரு பையையும் மூடியவுடன் மேசைமேல் இருக்கும் சாமான்களை எண்ணியாக வேண்டும். ஒன்று குறைந்தால் அது பைக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஊசியோ கத்தரியோ உள்ளே மாட்டிக்கொண்டால், மேலே போனவர் கீழே வந்து சேரும் விதமே மாறிவிடும்.

இன்று காலை முதலாளி அவசரப்படுத்தியிருந்தார். "ஒவ்வொண்ணுக்கும் எண்ணிக்கிட்டு நிக்காதய்யா. அஞ்சையும் கட்டிட்டு மொத்தமா எண்ணிக்கோ."

சம்பளம் கேட்கப்போகிற அன்று முதலாளியோடு வாக்குவாதம் செய்ய எவனுக்கு மனசு வரும்? தலையாட்டித் தொலைத்தார்.

அந்தக் கடிதம் எட்டு மாதமாக அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. மகளுக்குக் கல்லூரி திறக்கப்போகிறது. "இன்னிக்கும் கொடுக்காம வந்தீங்கன்னா, நாளைக்கு நானே வந்து கொடுப்பேன்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். மறக்காமல் கண்ணில் படட்டும் என்று காலையில் அதை மேசைமேல் வைத்திருந்தார். மேசைமேல் வைத்தால் அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

வேறு வழியில்லை. முதல் பையைப் பிரித்தார். மூலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

முதலாளி உள்ளே வந்தார். "கட்டினதை எதுக்குய்யா பிரிக்கிறே?"

"சும்மா... காத்தாட விடறேன்."

மடிப்புக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது அந்த ஒரு பொய்யிலேயே தெரிந்துவிட்டது. குதிப்பதற்காக வாரெல்லாம் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அது என் பையா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் முதலாளி. "ஆள் கொஞ்சம் சந்தேகப் பிராணி."

சந்தேகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் குதிக்க வந்திருந்த மற்ற நாலு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏதாவது உள்ள மாட்டிக்கிச்சா?" என்றார் டாக்டர்.

"ஒரு பேப்பர்தாங்க" என்றார் மடிப்பு.

"என்ன பேப்பர்?"

மடிப்பு முதலாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சம்பளம் ஏத்திக் கேட்டு எழுதினது."

"இப்ப எவ்வளவு வாங்கறீங்க?"

மடிப்பு தொகையைச் சொன்னார். டாக்டர் நிதானமாக இடுப்பு வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன டாக்டர் அவிழ்க்கறீங்க?" முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "போர்வை மடிக்கிற மாதிரி வேலை சார் இது."

"என் காரைக் கழுவறவருக்கு நான் இதைவிட அதிகமா தர்றேன். காரு தரையிலதான் ஓடுது."

போர்வை என்றதும் மற்ற நால்வரின் கைகளும் வாருக்குப் போய்விட்டன.

"சரி சரி, அடுத்த மாசத்துலேருந்து ஏத்தித் தர்றேன்."

"நான் குதிக்கறது இன்னிக்கு" என்றார் டாக்டர்.

'என் உயிருக்கு நானே பொறுப்பு' என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்த படிவத்தின் பின்பக்கத்திலேயே, இந்த மாதத்திலிருந்து சம்பளம் இரண்டு மடங்கு என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பல் பிடுங்கும்போதுகூட யாரும் முகத்தை அப்படி வைத்துக்கொண்டதை டாக்டர் பார்த்ததில்லை.

மடிப்பு இரண்டாவது பையைப் பிரித்தார்.

"அதான் ஏத்திட்டேனேய்யா, இன்னும் எதுக்குப் பிரிக்கிறே?"

"சம்பளம் கிடைச்சிடுச்சு. கடுதாசி கிடைக்கலையே."

ஐந்தையும் பிரித்து உதறினார். கடிதம் இல்லை. ஐந்தையும் மறுபடி மடித்தார், ஒவ்வொன்றுக்கும் எண்ணினார். சாயங்காலம் ஐந்து பேரும் முழுசாகத் தரையிறங்கினார்கள். டாக்டர் ஓடிவந்து மடிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரும் போன பிறகு அவர் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, மேசைமேல் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று அவருடைய கடிதம்.

"அக்கா, இதை எங்கெல்லாம் தேடினேன். எங்க கிடைச்சுது?"

அவள் மற்றக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, இந்த இன்னொண்ணு?"

"அது என்னோட சம்பளக் கடுதாசி. நாளைக்கு மேசைமேல வச்சு பதினொண்ணுன்னு எண்ணிக்குங்க தம்பி. தொலைக்கிறதை இன்னிக்கு மாதிரியே நான் பாத்துக்கறேன்."