விக்கிரவாண்டியில் நின்ற மிஷினும் வந்து சேராத வெள்ளைக் கவுனும்

திண்டிவனம்,
புதன்கிழமை காலை.

பதினேழு தடவை அடித்தும் போனை எடுக்காத என் அன்பு மச்சான் சின்னதுரைக்கு,

உன் அக்காவைக் கட்டிய அந்தோணிசாமி, நலம் என்று எழுதும் நிலையில் இல்லாமல் எழுதிக்கொள்வது. விழுப்புரத்தில் நீயும், உன் வீட்டம்மாவும், குழந்தை கலைப்பிரியாவும், சனிக்கிழமை வந்தவள் உன் கட்சியில் சேர்ந்துகொண்டு இன்னும் வீடு திரும்பாத என் மனைவி சவுரியம்மாளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் மகள் அஸ்வினியும், நான் கிண்டுகிற கேப்பைக் களியைத் தின்றுகொண்டு உயிரோடு இருக்கிறோம். நேற்று மல்லாட்டைச் சட்னி அரைத்தேன். அதைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

உன் கோபம் நியாயமான கோபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோரு பிள்ளைகள் வெள்ளைக் கவுனிலும், உன் மகள் ஒருத்தி மட்டும் மஞ்சள் பூப்போட்ட கவுனிலும் நின்றதற்கு நான்தான் காரணம். திண்டிவனத்தில் தைத்த வெள்ளைக் கவுன் என் கையில் இருந்தது. மெழுகுவத்தி ஏற்றிக் கொடுக்க வேண்டிய அஸ்வினியும் என்னோடுதான் இருந்தாள். ஒன்பது மணி பூசைக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் பதினொன்றேகாலுக்கு வந்தோம், அதுவும் கவுன் இல்லாமல். ஆனால் உன் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாமே, சம்பளம் வாங்குகிற திமிரில் அஸ்வினி வரவில்லை என்று, அது மட்டும் உண்மையில்லை மச்சான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு. சத்தமாகப் படி, உன் அக்காவும் கேட்கட்டும்.

அஸ்வினி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கம்பெனி சென்னையில் இருக்கிறது. நோயாளிகளுக்கு டிரிப்ஸ் ஏற்றும்போது இத்தனை நேரத்துக்கு இத்தனை சொட்டு என்று பார்த்து இறக்குகிற மிஷின் செய்கிறார்கள். பாட்டில் தீர்ந்தால் அது மணி அடித்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த மிஷினுக்குள் ஓடுகிற ப்ரோக்ராமை எழுதுகிறவர்களில் இவளும் ஒருத்தி. பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய மிஷின், நாற்பது நிமிஷம் ஓடி பாட்டில் தீர்ந்தால் சில சமயம் மணி அடிக்காமல் ஊமையாக நின்றுவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை இவள் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் மிஷின் வண்டி ஏறும். போன வாரம் முழுக்க இவள் சாப்பிட்ட தட்டில் பாதி மிச்சம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரே கேட்டுவிட்டேன்.

“ஸ்டாக்ல கோளாறுப்பா” என்றாள்.

“ஸ்டாக் இல்லையா? ரேஷன் கடையிலயும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கான்.”

“அந்த ஸ்டாக் இல்லப்பா. ப்ரோக்ராம் ஒரு வேலைய ஆரம்பிக்கும்போது மெமரில கொஞ்சம் எடம் எடுத்துக்கும். அதுக்கு நடுவுல இன்னொரு வேல வந்தா, அதுக்கு அடுத்தாப்ல இன்னொரு எடம். முடிய முடிய ஒண்ணொண்ணா விட்டுடும். நீங்க சாரம் கட்டிப் பிரிப்பீங்களே, அந்த மாதிரி.”

“இவ்ளோதானா? புரிஞ்சிடுச்சி. கீழருந்து மேல கட்டிக்கினு போவணும்.”

“இல்லப்பா. இது மேலருந்து கீழ வரும்.”

மச்சான், நான் முப்பத்திரண்டு வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். ஒலக்கூரிலிருந்து பெருமுக்கல் வரைக்கும் எத்தனை வீட்டுக்குச் சாரம் கட்டியிருக்கிறேன்! மேலிருந்து கீழே சாரம் கட்டுகிறவனை நான் பார்த்ததே இல்லை. அந்த லட்சணத்தில் கட்டினால் ஊமையாகாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் அப்படித்தான் என்றாள். அன்று முதல் பேங்க்கில் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கக்கூட எனக்கு பயமாக இருக்கிறது.

தப்பைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு சோதனை டூல் இருக்கிறது. மிஷினுடைய ப்ரோக்ராமை லேப்டாப்பில் அந்த டூலுக்குள் வைத்து ஓட்டி, மிஷினை ஒரு வயரால் அதோடு கட்டிவிடுகிறாள். ஸ்டாக் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு குறைந்தது என்று அந்த டூல் அடிக்கு அடி பார்த்துக்கொண்டே வரும். பிரித்த இடத்தில் எவனாவது கால் வைத்தால் உடனே ஒரு புகார் எழுதும். ஆனால் இப்படிக் கூடவே நடப்பதால் எல்லாம் முப்பது மடங்கு மெதுவாகிவிடும். ஒரு நொடியில் விழ வேண்டிய சொட்டு அரை நிமிஷத்துக்கு ஒன்று விழுகிறது. நாற்பது நிமிஷ வேலைக்கு இருபது மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

முதல் தடவை ஓட்டியதில் கொஞ்ச நேரத்திலேயே நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புகார் வந்தது. அவளுடைய மேனேஜர் வைபவ் போன் செய்தார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள்.

“அஸ்வினி, டூல் ஒளறுதுங்க. அதையெல்லாம் மறைச்சிட்டு மண்டே குடுத்துடுங்க.”

“ஒளறுதுதான் சார். ஏன் ஒளறுதுன்னு தெரியாம எப்படி மறைக்கறது? நெஜமான புகார் ஒண்ணு அதுக்குள்ள இருந்தா?”

சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ப்ரோக்ராமுக்கு ஒரு ஸ்டாக் இல்லை, ஐந்து வேலைக்கு ஐந்து தனி ஸ்டாக். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வேலை செய்கிறது. டூலுக்கு அது தெரியாததால், தாவும்போதெல்லாம் ஒரே ஸ்டாக் திடீரென்று வளர்ந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கண்ட இடத்தில் கத்தியிருக்கிறது. இங்கிருந்து இங்கே வரை ஒன்று, இங்கிருந்து இங்கே வரை இன்னொன்று என்று ஐந்துக்கும் எல்லையைச் சொல்லிக் கொடுத்தாள். புகார் அத்தனையும் நின்றுபோயிற்று. இனி வருவது நிஜப் புகார்தான் என்று சொல்லி இருபது மணி நேர ஓட்டத்தை ஆரம்பித்தாள். சனிக்கிழமை மத்தியானம் முடிந்துவிடும், ஞாயிறு பூசைக்கு நிம்மதியாகப் போகலாம் என்று கணக்கு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். பதினோரு மணிக்கு லேப்டாப் அணைந்தது. கரண்டு வந்து பன்னிரண்டு மணிக்கு முதலிலிருந்து ஆரம்பித்தாள். விரலை மடக்கிப் பார், ஞாயிறு காலை எட்டு.

“நீங்க போங்கப்பா, நான் இதப் பாத்துக்கினு இருக்கேன். திரும்ப கரண்டு போனா எல்லாம் போச்சி” என்றாள். மெழுகுவத்தி யார் ஏற்றுவது? மிஷினையும் தூக்கிக்கொண்டு போவோம், ஓடுகிறது ஓடட்டும், ஒரு மணி நேரப் பயணம்தானே என்று சொன்னது நான். ஆமாம், நான்தான். பால் பொங்குகிறது, இரு.

வழிந்துவிட்டது. விடு.

ஞாயிறு ஏழரைக்கு பஸ் ஏறினோம். அஸ்வினி மடியில் லேப்டாப். என் வயிற்றோடு சேர்த்துக் கட்டிய பையில் மிஷின். பாட்டில் மிஷினுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதால் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தேன். அதிலிருந்து இறங்குகிற ட்யூப் பைக்குள் போகிறது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு என் சட்டைக்குள் போவதுபோல் இருந்திருக்கிறது. கவுன், கசங்காமல், தலைக்கு மேலே சாமான் வைக்கிற கம்பியில்.

“யாருக்குங்க ட்ரிப்ஸு?” என்றார் கண்டக்டர்.

“மிஷினுக்கு.”

“மிஷின்ல ஏறுதுன்னு தெரியுது பெரியவரே. ஒடம்புக்கு என்னா?”

பதில் சொல்வதற்குள் கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. அங்கே ஏறிய ஒரு அம்மா, குப்பம்மாள் என்று பெயர், என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டார். “ட்ரிப்ஸ் ஏறிக்கினு இருக்கற மனுசன நிக்க வெச்சிட்டு நீ கம்ப்யூட்டர் பாத்துக்கினு கீறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?” என்று அஸ்வினியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரை எழுப்பி என்னைச் சாய்த்து உட்காரவைத்து, முந்தானையால் விசிறினார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். “அப்பிடித்தான் சொல்லுவாங்க, எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான் சொன்னாரு” என்று அழ ஆரம்பித்தார். அதற்குமேல் மறுத்துப் பேச மனசு வரவில்லை.

விக்கிரவாண்டி தாண்டும்போது மிஷின் நின்றது. லேப்டாப்பில் ஒரே ஒரு புகார் வந்து விழுந்தது. ஒரு வாரமாகக் காத்திருந்த அஸ்வினி எழுந்து நின்று, “அப்பா! போயிடுச்சிப்பா!” என்று கத்தினாள்.

மிஷினா உயிரா என்று பஸ்ஸில் யார் கேட்டார்கள்? குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டார். கண்டக்டர் விட்ட விசிலில் டிரைவர் வேறெங்கும் நிறுத்தாமல், இறங்க வேண்டியவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான்கு பேர் என்னை இறக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். நான் எழுந்து உட்கார உட்கார ஒருத்தர் மார்பில் கை வைத்துப் படுக்க வைத்தார். அந்தக் களேபரத்தில் பஸ் கிளம்பிப் போய்விட்டது. கவுனும் அதோடு போய்விட்டது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு பிரஷர் பார்த்தார். நூற்றெண்பது. “மிஷினுக்கு என்னான்னு தெரியலீங்க. உங்களுக்கு இருக்குது. மாத்திர தர்றேன், ஒரு மணி நேரம் அசையக் கூடாது” என்றார். மணி எட்டே முக்கால். உனக்கு அடித்தேன், நீ கோயிலுக்குள் போனை அணைத்துவிட்டிருந்தாய்.

அஸ்வினி என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த ஒரு புகாரைத் துருவினாள். பிறகு சொன்னாள்.

“மணி அடிக்கச் சொல்ற வேல, ‘பாட்டில் தீந்துடுச்சி’ன்னு அதோட எடத்துல எழுதி வெச்சிட்டு, அந்த எடத்தோட விலாசத்த மட்டும் இன்னொரு வேலகிட்ட குடுத்துட்டு முடிஞ்சிடுதுப்பா. எடத்தையும் விட்டுடுது. அந்த இன்னொரு வேல போய்ப் பாக்கும்போது அங்க வேற ஏதோ இருக்குது. சில நேரம் பழசே அழியாம இருக்கும், மணி அடிச்சிடும். அதனாலதான் இத்தன நாளா யாரும் கண்டுபுடிக்கல.”

“எந்த மடையன் எழுதினது?”

“நான்தான்ப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான், நான் கட்டிய சுவரில் கோணல் வந்தால் பூசி மறைத்துவிட்டுப் போன நாள் எனக்கு உண்டு. இந்தப் பெண் நாலாயிரம் புகாரைக் கிளறித் தன்னுடைய தப்பைத் தானே தோண்டி எடுத்திருக்கிறாள்.

இரண்டு வரி மாற்றினாள். பாட்டிலை நிரப்பி, டூல் இல்லாமல், நிஜ வேகத்தில், மறுபடி நாற்பது நிமிஷம். நானும் படுத்தபடி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சொட்டு விழுந்தது. மணி அடித்தது பார், அந்த வராந்தாவே அதிர்ந்தது! இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள்.

“எந்த பெட்டு? யாருக்கு?”

“யாருக்கும் இல்ல சிஸ்டர். அடிச்சிடுச்சி!” என்று அஸ்வினி அழுதுகொண்டே சிரித்தாள். மூத்த நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நல்லா அடிக்கட்டும்மா. அடிக்காத மிஷின வெச்சிக்கினு நாங்க படற பேஜாரு உனக்குத் தெரியாது” என்று சொல்லி, அணைக்கப் போன என் கையைத் தடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் வந்து சேர்ந்ததும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உனக்கே தெரியும். அந்தக் கண்டக்டர் தங்கமான ஆள். கவுனைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து நேற்று டிப்போவில் கொடுத்தார். கசங்கக்கூட இல்லை. குழந்தை கலைப்பிரியா, அவள் அம்மா போனைத் திருட்டுத்தனமாக எடுத்து நேற்று அஸ்வினியிடம் பேசிவிட்டாள், தெரியுமா? “அக்கா, போட்டோல நான் எங்க கீறேன்னு எல்லாருக்கும் ஜல்தியா தெரியுது” என்றாளாம். அவளே மன்னித்துவிட்டாள், நீ என்ன?

ஆகவே உன்னை நான் கேட்டுக்கொள்வது: சனிக்கிழமை உன் அக்காவை அனுப்பி வை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் இங்கே சாப்பிட வாருங்கள். கலைப்பிரியா வெள்ளைக் கவுன் போட்டுக்கொள்ளட்டும், அஸ்வினி மெழுகுவத்தி ஏற்றட்டும், நல்ல போட்டோகிராபராகச் சொல்லியிருக்கிறேன். அந்த மிஷின் இனி என் வீட்டு வாசற்படியைத் தாண்டாது, இது மாதா மேல் ஆணை.

பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம். கலைப்பிரியாவுக்கு என் முத்தம், மாதாவின் காவல் அவளோடு இருக்கட்டும். உனக்கு, நீ போனை எடுத்தால், என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிரஷர் மாத்திரை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்
அந்தோணிசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது அஸ்வினி வந்தாள். வைபவ் பேசினாராம். வண்டி ஏற்றுவதற்கு முன்னால் இன்னும் மூன்று மிஷின்களை இதே மாதிரி டூலில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள், வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும். இங்கே தெருவில் டிரான்ஸ்பார்மர் மாற்றுகிறார்கள், மூன்று நாளும் கரண்டு இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யாரும் வர வேண்டாம், உன் அக்காவையும் அனுப்ப வேண்டாம். நாங்களே வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மிஷின்களோடு அங்கே வருகிறோம். கூடத்தில் இருக்கிற பிளக் பாயிண்டையெல்லாம் காலி செய்து வை, டிவியைப் பிடுங்கிவிடு. பாட்டில் மாட்ட சுவரில் மூன்று ஆணி வேண்டும். நீ அடிக்காதே, கோணலாகிவிடும். நான் வந்து அடித்துக்கொள்கிறேன்.